படம் இருக்கிறது, வெளிச்சம் இல்லை

தொலைக்காட்சிப் பெட்டியில் செய்தி வாசிப்பவரின் குரல் தெளிவாகக் கேட்கிறது. திரை மட்டும் இருண்டு கிடக்கிறது. சில பெட்டிகளில் ஆளியைப் போட்டதும் ஓரிரு விநாடிகள் படம் பளிச்சிட்டுப் பின்னர் மறைந்துவிடும். குரல் மாத்திரம் தொடரும். யாழ்ப்பாணத்தில் தொலைக்காட்சி திருத்துகிறவரைக் கேட்டால், தம்மிடம் அடிக்கடி வருகின்ற நோயாளி இதுதான் என்பார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் அநேகமாக ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள்: “படம் செத்துப்போச்சு.”

உண்மையில் படம் சாகவில்லை. அறையை இருட்டாக்கிவிட்டு, ஒரு ரோர்ச் லைற்றைத் திரைக்கு மிக அருகே சற்றுச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் விழுகின்ற இடத்தில் உருவங்கள் மங்கலாக அசைவது தெரியும். அப்படித் தெரிந்தால், படத்தை உண்டாக்குகின்ற பகுதி நலமாகவே இருக்கிறது. அதற்குப் பின்னால் எரியவேண்டிய விளக்குத்தான் எரியவில்லை.

இதை விளங்கிக்கொள்வதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. கலைப் பட்டதாரியாகிய எனக்கே விளங்கியது என்றால் பாருங்கள். பழைய படக்குழாய்ப் பெட்டி தானாகவே ஒளிர்ந்தது. இன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கின்ற தட்டைத் திரை தானாக ஒளிர்வதில்லை. அதனுள்ளே இருக்கும் திரவப் பளிங்கு யன்னல் சீலையின் வேலையைத்தான் செய்கிறது. வேண்டிய இடத்தில் வெளிச்சத்தை விடும், வேண்டாத இடத்தில் மறிக்கும். வெளிச்சம் பின்னாலிருந்து வரவேண்டும். முன்னைய திரைகளிலும் மடிக்கணினிகளிலும் பென்சிலை விட மெல்லிய கண்ணாடிக் குழாய் விளக்குகள் அந்த வேலையைச் செய்தன. நம் வீட்டுக் குழல் விளக்கின் தம்பி என்று அவற்றைச் சொல்லலாம். அவற்றை எரிப்பதற்கு நூற்றுக்கணக்கான வோல்ற்று மின்னழுத்தத்தை உண்டாக்கும் தனிப்பலகை ஒன்றும் உள்ளே இருந்தது. பின்னர் அவற்றின் இடத்துக்கு எல்ஈடி வந்தது. பாடப்புத்தகத்தில் ‘ஒளிகாலும் இருவாயி’ என்று எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்களே, அதுதான். நீல ஒளி தரும் இருவாயியைக் கண்டுபிடித்ததற்காக ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014 ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீல ஒளியின் மேல் மஞ்சள் ஒளிர் பூச்சு ஒன்றைப் பூசித்தான் திரைக்குத் தேவையான வெள்ளை ஒளியைப் பெறுகிறார்கள். சில பழைய பெட்டிகளில் முகங்கள் எல்லாம் ஊதா பிடித்துத் தெரிவதற்கும் இதுவே காரணம். அந்தப் பூச்சு சூட்டினால் நலிந்துவிட, உள்ளிருக்கும் நீலம் வெளியே வந்துவிடுகிறது.

இனி விடயத்துக்கு வருகிறேன்.

வடமராட்சியில், கரவெட்டியில் இருக்கிறார் என் பெரியம்மா. பிள்ளைகள் இருவரும் கனடாவில். பெரியப்பா காலமான பின்னர் அந்தப் பெரிய வீட்டில் பகல் முழுவதும் கேட்கின்ற மனிதக் குரல் தொலைக்காட்சியிலிருந்து வருவதுதான். இரண்டு வருடங்களுக்கு முன்னர் அந்தப் பெட்டியின் திரை இருண்டுபோனது. பெட்டியை விற்ற நிறுவனத்தின் முகவரிடம் காட்டினோம். பெயர் இங்கே தேவையில்லை. எந்த நிறுவனமாக இருந்தாலும் பதில் ஏறக்குறைய இதுவாகத்தான் இருந்திருக்கும். திரைப் பகுதியை முழுமையாக மாற்றவேண்டும் என்றார்கள். அதற்கு அவர்கள் சொன்ன விலை புதிய பெட்டியொன்றின் விலைக்கு மிகக் கிட்ட நின்றது. “இதைவிடப் புதுசு எடுக்கிறது நல்லம்” என்று அவர்களே ஆலோசனையும் கூறினார்கள். கனடாவிலிருந்து தொலைபேசியில் பேசிய தம்பியும் அதையே சொன்னான். “அம்மா, அதைத் தூக்கி எறியுங்கோ. நான் காசு போடுறன், பெரிசா ஒண்டு எடுங்கோ.”

பெரியம்மா சம்மதிக்கவில்லை. அவர் கூறிய காரணத்தில் சிக்கனம் எதுவும் இல்லை. “இதிலை எந்தப் பொத்தானை அமத்தினால் என்ன வரும் எண்டு எனக்குத் தெரியும் மோனை. புதுசு வந்தால் அதைப் போட்டுத் தர ஆரைக் கூப்பிடுறது?” எண்பது வயதை நெருங்கிய ஒருவர், தனியே இருக்கும் வீட்டில், மற்றவர் உதவியின்றித் தன் கையால் இயக்கக்கூடிய சில பொருட்களில் ஒன்று அது. அதை மாற்றுவது அவருக்குப் பொருள் மாற்றம் மாத்திரமன்று என்பதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த எனக்கு இரண்டு தொலைபேசி அழைப்புகள் தேவைப்பட்டன.

யாழ்ப்பாண நகரத்தை ஒட்டிய இடமொன்றில் ஒற்றை அறைக் கடையில் இருக்கும் திருத்துநர் ஒருவரிடம் பெட்டியைக் கொண்டுபோனேன். அறுபதைத் தாண்டியவர். நான் அண்ணை என்றே அழைப்பது வழக்கம். பெட்டியைச் சுவரோடு சாத்தி வைத்து, கடையின் கதவைப் பாதி இழுத்து மூடி, ரோர்ச்சை எடுத்தார். அரை நிமிடம் ஆகியிருக்காது.

“தம்பி, படம் சாகேல்லை. விளக்குத்தான் போட்டுது.”

அடுத்த நாள் மாலையில் வரச்சொன்னார். வேலையைப் பார்க்க வேண்டும் என்றேன். பத்திரிகைக்காரன் சும்மா இருக்கமாட்டான் என்று அவருக்குத் தெரியும். சிரித்துக்கொண்டு ஸ்ரூலைத் தள்ளிவிட்டார். நான் அன்று பார்த்ததைக் கூடியவரை ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில் பின்மூடியைக் கழற்றினார். அதன் பின்னர் பெட்டியைத் திருப்பி, திரைக் கண்ணாடியை எடுத்தார். இந்த வேலையில் ஆபத்தான கட்டம் இதுதான். திரை இரண்டு தாள் கண்ணாடிகளின் தடிப்புத்தான். ஓரத்தில் இருந்து முடி போன்ற நுண்கம்பிகளைக் கொண்ட பட்டிகள் பலகைக்குப் போகின்றன. கண்ணாடி சற்று வளைந்தாலும் வெடித்துவிடும், பட்டி கிழிந்தாலும் படம் போய்விடும். அப்படி நடந்தால் முகவர் சொன்னது உண்மையாகிவிடும். ஆகவே பேரனையும் கூப்பிட்டு, றப்பர் உறிஞ்சுபிடிகளை வைத்து, இருவருமாகத் தூக்கி மெத்தையில் கிடத்தினார்கள். அந்த ஒரு நிமிடத்தில் கடையில் யாரும் பேசவில்லை.

அதன் கீழே பாற்புட்டி நிறத்தில் மூன்று தாள்கள். ஒளியை எங்கும் ஒரே சீராகப் பரப்புவதற்கானவை அவை. எடுத்த ஒழுங்கிலேயே அவற்றைத் திருப்பி வைக்கவேண்டும். விரல் அடையாளம் பட்டால் படத்தில் அது நிழலாக விழும். அவற்றையும் எடுத்த பிறகுதான் விளக்குகள் தெரிந்தன. நீண்ட அலுமினியப் பட்டிகளில், ஒவ்வொன்றும் பட்டாணிக் கடலை அளவான குவிவு வில்லையால் மூடப்பட்ட சின்னஞ்சிறு விளக்குகள். இவ்வளவு பெரிய பெட்டிக்கு இவ்வளவுதானா என்றுதான் எனக்குத் தோன்றியது.

அண்ணை ஒரு சோதனைக் கருவியின் இரு முனைகளால் அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். எரிந்தது, எரிந்தது, எரிந்தது. இரண்டாவது பட்டியில் ஒன்று எரியவில்லை. நடுவிலே கறுப்பாக ஒரு புள்ளி. முழுப் பெட்டியிலும் இறந்திருந்தது அந்த ஒன்றுதான்.

ஒன்று போனால் எல்லாம் ஏன் இருளவேண்டும்? விளக்குகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. கோயில் திருவிழாவில் கட்டும் பழைய அலங்கார விளக்கு மாலையில் ஒரு குமிழ் போனால் மாலை முழுவதும் அணைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். மின்னோட்டம் ஒன்றினூடாகச் சென்றுதான் அடுத்ததை அடைகிறது. வழியில் ஒன்று அறுந்தால் ஓட்டம் நின்றுவிடும். பெட்டியிலுள்ள பாதுகாப்புச் சுற்று அதை உடனே உணர்ந்து விளக்குக்குரிய மின்சாரத்தை நிறுத்திவிடும். ஓரிரு விநாடி பளிச்சிட்டு மறைவது பெரும்பாலும் இதனால்தான்.

பெட்டியைத் தயாரித்தவர்களின் கணக்கில் இதற்கெனத் தனியான மாற்றுப் பொருள் இல்லை. அவர்களது பட்டியலில் உள்ளது ‘திரைப் பகுதி’. கண்ணாடியும், தாள்களும், விளக்கும், சட்டகமும் சேர்ந்த ஒரே பொருள் அது. ஆகவே ஒரு கறுப்புப் புள்ளிக்காக எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். சேவை நிலையத்தில் இருந்த அந்தப் பிள்ளை எனக்குப் பொய் சொல்லவில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த பட்டியலில் அதைவிடச் சிறிய பொருள் எதுவும் இருக்கவில்லை.

அண்ணை அந்த ஒன்றை மட்டும் மாற்றவில்லை என்பதையும் குறிப்பிடவேண்டும். “ஒண்டு போனால் மற்றதுகளும் கிழடுதான். ஒண்டை மாத்தித் தந்தால் மூண்டு மாசத்திலை திரும்பி வருவாய்” என்றார். பட்டிகள் முழுவதையும் மாற்றினார். அவை தனியாக விற்பனைக்கு வருகின்றன. விளக்கு ஒவ்வொன்றும் மூன்று வோல்ற்றா ஆறு வோல்ற்றா என்பதையும், பட்டியின் நீளத்தையும், விளக்குகளின் எண்ணிக்கையையும் சரியாகப் பார்த்து எடுக்கவேண்டும். பழைய பட்டிகளில் நன்றாக எரிந்த விளக்குகளை எறியாமல் ஒரு பால்மாப் பேணியில் போட்டு வைத்தார். பட்டி கிடைக்காத மாதிரிப் பெட்டிகள் வரும்போது அந்தப் பேணி கைகொடுக்கும்.

அதன் பின்னர் அவர் செய்த ஒரு வேலைதான் என்னை வியக்க வைத்தது. மின்பலகையில் கடுகளவான தடையிகள் சில அருகருகே வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டார். விளக்குக்குப் போகின்ற மின்னோட்டத்தின் அளவை அவைதாம் தீர்மானிக்கின்றன. ஒன்றை எடுத்தால் மொத்தத் தடை கூடி, ஓட்டம் குறையும். கடையில் அடுக்கி வைத்திருக்கும்போது பக்கத்துப் பெட்டியை விடப் பளிச்சென்று தெரியவேண்டும் என்பதற்காக விளக்குகளை அவற்றின் தாங்குசக்தியின் விளிம்பிலே ஓடவிடுகிறார்கள் என்பது அவருடைய கருத்து. பின்னால் காற்றோட்டம் குறைவு, எங்கள் ஊர் வெயில் வேறு. சூடுதான் எமன். சற்றுக் குறைத்துவிட்டால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, விளக்குக்கு ஆயுள் கூடும். தயாரித்தவர் செய்யாமல் விட்ட ஒன்றைத் திருத்தியவர் செய்தார்.

கூலியும் பட்டிகளும் சேர்ந்து முகவர் கேட்டதில் ஐந்தில் ஒரு பங்கும் ஆகவில்லை. பெரியம்மா இப்போதும் அதே பொத்தான்களை அமத்திக்கொண்டிருக்கிறார்.

எங்கே கற்றீர்கள் என்று அண்ணையைக் கேட்டபோது, “தடைக் காலத்திலை” என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டார். குடாநாட்டில் எங்கள் தலைமுறையைச் சேர்ந்த எவருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஆனால் உலகெங்கும் பரந்திருக்கும் இளைய வாசகர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்துக்கான மின்சாரம் நின்றது. அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகக் குடாநாட்டின் வீடுகளில் மின்விளக்கு எரியவில்லை. பொருளாதாரத் தடையின் கீழ்ப் பற்றரி, பெற்றோல், சீமெந்து, உரம் என்று பல பொருட்கள் உள்ளே வரமுடியாதிருந்தன. மண்ணெண்ணெய் பொன்னைப்போல விலையேறியது. அப்போது வீட்டுக்கு வீடு எரிந்தது ஜாம் போத்தல் விளக்கு. வெறும் போத்தலின் அடியில் சிறிது பஞ்சு, அது நனையுமளவுக்குக் கொஞ்ச மண்ணெண்ணெய், சைக்கிள் ரியூப்பின் வால்வுக் குழாயில் செருகிய திரி, அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு கம்பி. காற்றில் அணையாது, எண்ணெயும் குறைவாகச் செல்லும். ஒரு தலைமுறை அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் பரீட்சை எழுதியது.

வானொலிக்குப் பற்றரி இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகின்ற ஆறு வோல்ற்று மின்சாரத்தில் பெட்டியை இயக்கினோம். டைனமோ தருவது ஆடலோட்ட மின்சாரம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். இடையிலே ஓர் இருவாயியையும் ஒரு கொள்ளளவியையும் வைத்து அதை மாற்றிக் கொடுத்தவர்கள் அண்ணையைப் போன்ற வானொலி திருத்துநர்கள்தாம். இரவில் பி.பி.சி. தமிழோசை தொடங்கும் நேரத்துக்கு எங்கள் ஒழுங்கையில் இருந்தவர்கள் எல்லாம் ஒரு வீட்டு முற்றத்தில் கூடுவார்கள். சுற்றுகிறவனின் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோர்ந்துவிடும், முதியவர்கள் அதட்டுவார்கள். இருபது வயதில் நான் சுற்றிய சைக்கிள் மிதிக்கு, பின்னாளில் செய்தியாளனானதில் ஏதாவது பங்கு இருக்குமோ தெரியாது. அந்த வானொலிச் சேவையும் 2017 ஏப்ரலுடன் நின்றுபோனது.

பாவித்து முடிந்த பற்றரியில் ஆணியால் துளையிட்டு உப்புநீர் விட்டு இன்னும் இரண்டு நாள் உயிர் கொடுத்தோம். மோட்டார் சைக்கிளையும் பழைய ஒஸ்ரின் கார்களையும் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளிலும், பொதி சுற்றுகின்ற பழுப்புத் தாளிலும் அச்சாகின. எழுத்தின் பின்னால் நீலக் கோடு ஓடும். வாசகர் கோட்டைப் பொருட்படுத்தாமல் செய்தியை வாசித்தார்.

இவற்றைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்லவேண்டும். தூரத்தில் இருந்துகொண்டு அந்தக் காலத்தைப் ‘பொற்காலம்’ போலப் பேசுகின்ற சிலரை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை. போத்தல் விளக்குச் சரிந்து எரிகாயம்பட்ட குழந்தைகளை வைத்தியசாலை விறாந்தையில் பார்த்தவன் நான். மண்ணெண்ணெய் புகைந்த வாகனங்களில் ஏற்றிச் செல்லப்பட்ட நோயாளர் எல்லோரும் வைத்தியசாலையைச் சென்றடையவில்லை. அன்று நாங்கள் திருத்தியது விரும்பி அல்ல. வேறு வழி இருக்கவில்லை. வாங்குவதா திருத்துவதா என்ற முடிவை எங்களுக்காக வேறொருவர் எடுத்திருந்தார்.

ஆனாலும் அந்த நெருக்கடி சிலரிடம் ஓர் அறிவை விட்டுச் சென்றது. முழுப் பொருளும் கெட்டுவிட்டது என்று ஏற்றுக்கொள்ளாமல், கெட்ட இடம் எது என்று தேடுகின்ற அறிவு அது. ஒரு பொருள் கெட்டுவிட்டது என்பது செய்தியின் தலைப்பு மாத்திரம். எங்கே, எது, ஏன் என்று கேட்டுத்தான் செய்தியை எழுதமுடியும். எங்கள் தொழிலிலும் தலைப்பை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகின்ற நிருபரை ஆசிரியர் மறுபடி அனுப்பிவிடுவார்.

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தபோது கொழும்பிலிருந்து லொறிகளில் புதிய பொருட்கள் வந்து குவிந்தன. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி மூடப்பட்டது. பழைய திருத்துநர்களுக்கு மறுபடி வேலை வந்தது. 2009 இல் போர் முடிந்த பின்னர் வெளிநாட்டுப் பணமும் தவணைக் கடனும் சேர்ந்து வர, பழுதைத் திருத்துவது ஏழ்மையின் அடையாளமாகிவிட்டது. ஒரு பெட்டி இருண்டால் அடுத்த வாரம் அதைவிட அகலமான பெட்டி வந்தது. பின்னர் 2022. ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று அரசு அறிவித்தது. அதற்கு முன்னைய மார்ச் மாதத்தின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டும் வந்தது. தெற்கில் இருந்தவர்கள் எரிபொருள் வரிசையில் நின்றபோது, எங்கள் முதியவர்கள் பரணில் இருந்து பழைய விளக்குகளை இறக்கித் துடைத்தார்கள். அண்ணையின் கடையில் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்ததை அந்த ஆண்டில்தான் பார்த்தேன்.

இப்போது அடுக்கு மறுபடி குறைந்துவிட்டது. கவலை அதுவன்று. அவரிடம் தொழில் பழகிய கடைசிப் பையன் பிரான்சுக்குப் போய்விட்டான். பேரன் கண்ணாடியைத் தூக்க மாத்திரம் வருகிறான், படிப்பு வேறு. “அறிவு என்னோடை போகாது தம்பி, இப்ப எல்லாம் யூரியூப்பிலை கிடக்கு. கைதான் என்னோடை போகும்” என்றார் அண்ணை. மெய்தான். தடையியை எங்கே எடுக்கவேண்டும் என்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கண்ணாடி வெடிக்கப்போகின்றது என்பதை அரை விநாடி முன்னதாக விரல் அறிவதற்குப் பல கண்ணாடிகளைத் தூக்கியிருக்கவேண்டும்.

உலகின் வேறிடங்களில் இப்போது இதைச் சட்டமாகப் பேசுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குவிதிப்படி, 2021 மார்ச் முதலாம் திகதி தொடக்கம் தொலைக்காட்சித் தயாரிப்பாளர்கள் குறிப்பிட்ட சில மாற்றுப் பாகங்களைக் குறைந்தது ஏழு ஆண்டுகளுக்குத் தொழில்முறைத் திருத்துநர்களுக்குக் கிடைக்கச் செய்யவேண்டும். மின்வழங்கிப் பலகை, இணைப்பு முனைகள், கொள்ளளவிகள் என்று ஒரு பட்டியல் அதில் உண்டு. பெரியம்மாவின் பெட்டியில் கெட்ட பின்விளக்கு அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. 2024 இல் பழுதுபார்க்கும் உரிமைக்கெனத் தனியான பணிப்புரை ஒன்றையும் ஒன்றியம் நிறைவேற்றியது. இந்திய அரசு 2022 டிசெம்பரில் இதற்கென ஓர் இணைய வாசலைத் திறந்தது. நாங்கள் தடைக் காலத்தில் கட்டாயத்தினால் செய்ததை, அவர்கள் செழிப்பின் நடுவே உரிமையாகக் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி எங்களுக்கும் உரியதுதான்.

அவர்கள் கேட்பதற்குக் காரணமும் உண்டு. 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகம் 62 மில்லியன் தொன் மின்னணுக் கழிவைக் கொட்டியதாகவும், அதில் 22.3 வீதம்தான் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியிருப்பதாகவும் ஐக்கிய நாடுகள் சார்ந்த அறிக்கை 2024 இல் கூறியது. எங்கள் குடாநாட்டுக்கு இது மற்றவர்களை விடக் கூடுதலாகப் பொருந்தும். இங்கே ஆண்டு முழுவதும் ஓடுகின்ற ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கின்ற மெல்லிய மண், அதன் வெடிப்புகளினூடாக இறங்கித் தேங்குகின்ற மழைநீர், அதை அள்ளுகின்ற கிணறு. நிலத்தில் எதைக் கொட்டினாலும் ஒருநாள் வாளியில் வரும். சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்தது தொடர்பான வழக்கில், இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு மின் உற்பத்தி நிறுவனமொன்றுக்கு உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் உத்தரவிட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பழைய திரைகளின் குழாய் விளக்குகளுக்குள் பாதரசம் இருக்கிறது. பழைய பலகைகளில் ஈயம் இருக்கிறது. வேலிக்கரையில் முகம் கவிழ்த்துக் கிடக்கின்ற ஒவ்வொரு பெட்டியும் யாரோ ஒருவருடைய கிணற்றை நோக்கித்தான் கிடக்கிறது.

எல்லாவற்றையும் திருத்தத்தான் வேண்டும் என்று நான் வாதிடவில்லை. கண்ணாடி வெடித்த திரையைத் திருத்துவதில் பயனில்லை. மிகச் சிறிய பெட்டிகளில் கூலி விலையை மிஞ்சிவிடும். பொருத்தமற்ற பட்டியைப் பொருத்தி, மூன்று மாதத்தில் பலகையையும் சேர்த்து எரித்துத் தருகின்ற திருத்துநர்களும் உண்டு. நல்ல திருத்துநருக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன்: கெட்ட பாகத்தைக் கையில் தருவார், எதனால் கெட்டது என்று சொல்வார், திருத்த முடியாதபோது முடியாது என்பார்.

வீட்டில் நாமே செய்யக்கூடிய ஒரு காரியமும் இருக்கிறது. பெட்டியின் அமைப்புப் பட்டியலில் ‘பின்விளக்கு’ அல்லது ‘பிரகாசம்’ என்று ஓர் அளவு இருக்கும். வாங்கும்போது பெரும்பாலும் அது உச்சத்திலேயே நிற்கும். அதைப் பாதிக்குச் சற்று மேலே இறக்கிவிடுங்கள். விளக்கின் சூடு குறையும், மின்கட்டணமும் சிறிது குறையும். பெட்டியின் பின்புறத்தைச் சுவரோடு ஒட்டவிடாதீர்கள்; அதன் மேல் சீலை போட்டு மூடாதீர்கள். நம்மவர்கள் பெட்டிக்குச் சட்டை தைத்துப் போடுவதில் வல்லவர்கள். பெட்டியை நிறுத்திச் சூடு ஆறிய பின்னர் போடலாம்.

கனடாவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருந்துகொண்டு, ஊரில் தனித்திருக்கும் தாய் தந்தையரிடம் தொலைபேசியில் “எறிந்துவிட்டுப் புதிது எடுங்கள்” என்று சொல்கின்ற பிள்ளைகளின் பாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன். அன்று வாங்க முடியாது என்று எங்களுக்காக ஒருவர் தீர்மானித்தார். இன்று திருத்த முடியாது என்று வேறொருவர் தீர்மானிக்கிறார். இரண்டுக்கும் இடையில், முடிவை நாங்களே எடுக்கக்கூடிய ஒரு சிறிய இடம் இருக்கிறது. அந்த இடத்துக்குப் போவதற்கு அரை நிமிடமும் ஒரு ரோர்ச் லைற்றும் போதும். புதிய பெட்டிக்குப் பணம் அனுப்புவதற்கு முன்னர், திரைக்குப் பக்கத்தில் அதைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். படம் தெரிகிறதா என்று கேளுங்கள். அதன் பிறகும் புதிது வேண்டுமென்றால் தாராளமாக வாங்குங்கள்.